தண்ணீரோடு நடந்த கடிகாரம்

ஏழாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். மீதி தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் நம்மில் ஒருத்தி தன் பேத்தியின் பாடப் புத்தகத்தைப் படம் எடுத்து குரூப்பில் போட்டாள். ‘இம்பார்ஷியல்’ என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருந்தது. இது நம் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதானே, அர்த்தம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். நடுநிலை என்று ஒருத்தி போட்டாள். பாரபட்சம் பார்க்காதது என்று இன்னொருத்தி. கும்பிடுகிற கையை நாலு பேர் போட்டார்கள்.

நான் ஒன்றும் போடவில்லை. தெரியாமல் இல்லை. ஒரு வரியில் போட வரவில்லை. ஒரு பழைய நோட்டில் நாலு நாளாக எழுதி, மருமகளை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு நின்றவள் நான்.

டீச்சர் அந்த வார்த்தையைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினது ஞாபகம் இருக்கும். சன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் கிடந்தது. ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றார். ஒரு ஜட்ஜ், எதிரில் இரண்டு கட்சிக்காரர்கள் என்று உதாரணம் சொன்னார். நாளைக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதி வரவேண்டும், ஜட்ஜைப் பற்றி எழுதக் கூடாது, வீட்டிலோ தெருவிலோ நீங்கள் பார்த்த ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்றார். ரேஷன் கடைக்காரரைப் பற்றி ஒருத்தி எழுதி, அவர் அப்படி இல்லை என்று நடுவில் ‘நாட்’ சேர்த்திருந்தாள். அது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

நான் எழுதினது சின்ன வாக்கியம். மை ஃபாதர் இஸ் இம்பார்ஷியல். டீச்சர் சரி போட்டு, வகுப்பில் படித்தும் காட்டினார். இதுவரைதான் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் நிலம் கோட்டைக்குப் பின்பக்கம். மலையிலிருந்து உருண்டு வந்ததுபோல் பாறைகள் அங்கங்கே நிற்கும். அதற்கு நடுவில் ஒரே கிணறு, மூன்று பங்கு. கிணற்றை ஒட்டி எங்கள் காணி. அடுத்து சித்தப்பா. கோடியில் அத்தை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை நைனாவுக்குத் தங்கை. சித்தப்பாவுக்கு அக்கா. கட்டிக் கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. தாத்தா சாகும் முன் கோடியில் மானாவாரியாகக் கிடந்த நிலத்தை அவள் பேருக்கு எழுதினார். கிணற்றிலும் மூன்றில் ஒரு பங்கு எழுதினார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அப்படி எழுதினவர்கள் அப்போது குறைவு. சித்தப்பா முணுமுணுத்தார். நைனாதான் அவரை அடக்கினார். மூணு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைங்க, மூணு பங்குதான் என்று முடித்துவிட்டார்.

தாத்தா காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். தோல் சாலில் தண்ணீர் மேலே வரும். இத்தனை சால் உனக்கு, இத்தனை சால் எனக்கு என்று எண்ணிக் கொள்வார்கள். மோட்டார் வந்த பிறகு நைனா மணிக் கணக்கு வைத்தார். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் அந்த வருஷம் காலை எட்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு நிற்கும். ஆறு மணி நேரம். ஆளுக்கு இரண்டு.

மோட்டார் கொட்டாயில் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது. பச்சை நிற டப்பா, மேலே இரண்டு மணி, முள்ளில் பச்சையாக ரேடியம். தினம் காலையில் நைனா அதற்குச் சாவி கொடுப்பார். பதினாலு முறுக்கு. பதினைந்தாவது முறுக்கினால் ஸ்பிரிங் போய்விடும் என்பார். அதன் பக்கத்தில் பழைய ஏர்க்கொழு ஒன்று கம்பியில் தொங்கும். இரண்டு மணி நேரம் ஆனதும் அதைத் தட்டுவார். சத்தம் மூன்று காணிக்கும் கேட்கும். கேட்ட உடனே ஒருவர் மடையை அடைத்துவிட வேண்டும். அடுத்தவர் திறந்துகொள்வார்.

எங்கள் காணியில் ஒரு பாத்தி பாதி நனைந்து நிற்கும். நேரம் ஆகிவிட்டால் நைனா தட்டிவிடுவார். அம்மா மம்முட்டியோடு நின்று, இந்தப் பாத்தி முடிய அஞ்சு நிமிஷம் ஆவுமா, அதுக்குள்ள இன்னா அவசரம் என்று கேட்பாள். நைனா காதில் வாங்கமாட்டார். யார் முதலில் பாய்ச்சுவது என்பதையும் வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவார். ஒரு வாரம் நாங்கள் முதல், ஒரு வாரம் சித்தப்பா, ஒரு வாரம் அத்தை.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஒருவர் முறை ஓடும்போது மற்றவர் அவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. கால்வாய் ஓரமாகவும் போகக் கூடாது. தண்ணீர் திருடினான் என்ற பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நைனா சொல்வார். வெட்டுக்குத்து வரை போன கிணறுகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. எங்கள் கிணற்றில் ஒரு சண்டை கிடையாது. ஊரில் பங்கு தகராறு வந்தால் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அத்தை மட்டும் வருஷா வருஷம் தண்ணீர் பத்தவில்லை என்பாள். நைனா எலி வளையை அடைத்தாயா என்று கேட்பார். அடைத்தேன் என்பாள். கால்வாய் புல்லைச் செதுக்கினாயா என்பார். செதுக்கினேன் என்பாள். தண்ணி வந்து சேரவே நேரமாவுது, நீயே வந்து பாரு என்பாள்.

“உன் முறையில நான் வரமாட்டன். நாளைக்கு எவனாவது மடையைத் திருப்பிட்டான்னு சொல்லுவான்” என்பார் நைனா.

அவள் போன பிறகு அம்மாவிடம், மோட்டார் ஓடுற நேரம் மூணு பேருக்கும் ஒண்ணுதானே, இவளுக்கு மட்டும் இன்னா குறைச்சல் என்பார். தங்கச்சிக்கு வேலையில் உடம்பு வணங்கவில்லை என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு முந்தின வருஷம் அத்தையின் மல்லாட்டை பாதிக்கு மேல் பொக்காகப் போயிருந்தது. வேர்க்கடலை என்று கடையில் கேட்டு வாங்குவதை நாம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. நகம்போல் சுருங்கி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு வருஷத்தில் அந்த ஒரு விளைச்சல்தான். இந்தத் தடவையும் பொக்காகப் போனால் நிலத்தை விட்டுவிட்டு பாண்டிச்சேரிக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டு ஒரு வீட்டிலிருந்து சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பா கேட்காமலே சொல்லி வைத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் நான் அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

நைனா தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். அர்த்தம் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை அவரே சொல்லிப் பார்த்தார். நைனாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இரண்டு நாளில் வார்த்தை அவர் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. டீக்கடையில் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் உர மூட்டை எடுத்து வந்த வண்டிக்காரர் என்னைப் பார்த்து, இம்பார்ஷியல் பொண்ணா நீ என்று கேட்டார்.

அத்தை காதுக்கும் போனது. ஒரு சாயங்காலம் வந்தாள்.

“இன்னாண்ணா, புதுசா பட்டம் வாங்கினியாமே.”

நைனா சிரித்தார். “உன் மருமகதான் குடுத்தா.”

அத்தை என் பக்கம் திரும்பி அதற்கு அர்த்தம் கேட்டாள். யார் பக்கமும் சாயாமல் இருப்பது என்றேன்.

“சரியாத்தான் எழுதியிருக்க. உங்க நைனா ஒடியும், சாயாது” என்றாள்.

நைனாவுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. போகும்போது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சனிக்கிழமை லீவுதானே, என் முறைக்கு வந்து மம்முட்டி பிடி, ஆள் இல்லை என்றாள். பங்குக்காரர்கள்தான் கால் வைக்கக் கூடாது. நான் பங்குக்காரி இல்லை. போனேன்.

அது மாசி மாதம். செடியில் மஞ்சள் பூ முடிந்து விழுது இறங்குகிற நேரம். பூ இருந்த இடத்திலிருந்து ஊசிமாதிரி ஒன்று கீழே வரும். அது மண்ணுக்குள் போனால்தான் காய். மண் இறுகியிருந்தால் அந்தரத்திலேயே நின்று கருகிவிடும். அந்த வாரம் அத்தைக்கு முதல் முறை. எட்டு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. அத்தை மடையைத் திறந்துவிட்டு, புங்க மரத்தடியில் உட்கார்ந்து கூழ் தூக்கைத் திறந்தாள்.

தண்ணி வருதா பாக்கலியா அத்தே என்று கேட்டேன்.

“குடி. நீ கூழைக் குடிச்சி, தூக்கைக் கழுவி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாலும் அது வராது” என்றாள்.

குடித்தோம். பேசினோம். பாறைமேல் இரண்டு குரங்கு உட்கார்ந்து செடியையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தை ஒரு கல்லை எறிந்தாள். அவை நகரவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. அதற்கு அப்புறம்தான் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் வேலை ஓடியது. ஐந்தாறு பாத்தி நனைந்திருக்கும். கொழுச் சத்தம் கேட்டுவிட்டது. அத்தை மடையை அடைத்தாள்.

அன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன், அத்தைக்குத் தண்ணீர் ரொம்ப நேரம் கழித்து வருகிறதென்று.

“எவ்ளோ நேரம்?”

“ரொம்ப நேரம்.”

“உத்தேசமா சொல்லாத. மணி சொல்லு.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நைனா மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நைனாவோடு மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். எட்டு மணிக்கு ஸ்விட்ச் போட்டார். கடிகாரத்துக்குப் பதினாலு முறுக்கு கொடுத்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரன், மணியைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நம்பித்தான் போனார்.

கடிகாரத்தைப் பாவாடையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கால்வாய் ஓரமாகவே ஓடினேன். எங்கள் காணி முடிகிற இடத்தில் தண்ணீரைப் பிடித்தேன். முகப்புத் தண்ணீருக்கு அவசரமே இல்லை. காய்ந்த இலை, நுரை, ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முகர்ந்து முகர்ந்து வந்தது. வெடிப்பு ஒன்று வந்தால் அதில் இறங்கிக் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடி. சூட்டு மண்ணிலிருந்து ஆவி வாசனை வந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறின. அதை முந்திக்கொண்டு ஓடினேன். சித்தப்பா காணி தாண்டிப் பெரிய பாறை. அதை உடைக்க முடியாமல் கால்வாயைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வளைவு முழுக்க மணல்.

கடிகாரத்தைப் பார்த்ததும் அத்தை எழுந்துவிட்டாள்.

“அடிப்பாவி, உங்க நைனா உசுரையே தூக்கிட்டு வந்துட்டியே.”

வரப்பில் மண்ணைத் தட்டி அதை வைத்தேன். எட்டு பத்து. எட்டே கால். எட்டு இருபது. அத்தை அன்று கூழ் தூக்கைத் திறக்கவில்லை.

எட்டரைக்கு நைனா வந்தார். கொட்டாயில் கடிகாரமும் இல்லை, நானும் இல்லை என்று தேடிக்கொண்டு, அடுத்தவர் முறையில் நடக்கக் கூடாத கால்வாய் ஓரத்தில் நடந்து வந்திருந்தார். அத்தை நிலத்து வரப்பு வந்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் கால் வைக்கவில்லை.

“வாண்ணா. கால் வச்சா தண்ணி ஒண்ணும் குறையாது. இருந்தாத்தான குறையும்” என்றாள் அத்தை.

நைனா அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார். அவர் என்னை அடித்ததே கிடையாது. அன்று அடிப்பார் என்று நினைத்தேன்.

“கடிகாரத்தைக் குடு.”

“இரு நைனா. இன்னும் வரல.”

அவர் மடையைப் பார்த்தார். திறந்து கிடந்தது. உள்ளே ஓணான் ஒன்று ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மடையைப் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கமே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. கையெட்டும் தூரத்தில் இருந்த செடியை நைனா லேசாகத் தூக்கிப் பார்த்தார். விழுதுகள் தரையைத் தொட்டு, உள்ளே போக முடியாமல் முனை கறுத்துப்போயிருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். செடியைப் பழையபடி சாய்த்து வைத்தார்.

தண்ணீர் மடையைத் தொட்டபோது மணி எட்டு நாற்பத்தைந்து. நான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லத் தேவையில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டி வரப்பைத் தாண்டி உள்ளே வந்தார். அத்தை கையிலிருந்த மம்முட்டியை வாங்கி முதல் பாத்தியைத் திறந்தார்.

“நீ அப்பவே சொன்ன” என்றார்.

“சொன்னன்” என்றாள் அத்தை.

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள். பத்து மணிக்குக் கொழுச் சத்தம் வரவில்லை. சித்தப்பா அவர் காணியிலிருந்து கத்திப் பார்த்தார். இன்னும் இல்லை என்று நைனா பதில் கத்தினார்.

அன்று இரண்டு மணிக்குக் கரண்ட் நின்றதும் மோட்டார் கொட்டாயில் கூடினார்கள். நைனா கரித்துண்டால் சுவரில் போட்டுக் காட்டினார். தண்ணீர் அத்தைக்குப் போய்ச் சேர முக்கால் மணி. சித்தப்பாவுக்குப் போய்ச் சேரக் கால் மணி. ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால்வாயே குடித்துவிடுகிறது. மிச்சம் ஐந்து மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். இனிமேல் மடையில் தண்ணீர் தொட்ட பிறகுதான் நேரம் ஆரம்பம் என்றார். எனக்குக் கணக்கு அவ்வளவு வராது. ஆனால் அந்தக் கணக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தா வைத்த முறையை மாற்ற நீ யார் என்றார். தாத்தா காலத்தில் கோடியில் பாய்ச்சுகிற பயிரே இல்லையே, கால்வாயும் இல்லையே என்றார் நைனா. மடை மாற்றின பிறகு கால்வாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர் அவளுக்குத்தானே போகிறது என்றார் சித்தப்பா. அது பாறை வளைவு தாண்டாது, மணல் குடித்துவிடும் என்றார் நைனா. உனக்குக் குறைவது அஞ்சு நிமிஷம், எனக்கு இருபது என்றும் சொன்னார்.

“நிமிஷம் இன்னா நிமிஷம். இது பார்சாலிட்டி. தங்கச்சின்னதும் சாஞ்சிட்ட.”

சித்தப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் அது ஒன்று தெரிந்திருக்கிறது. நைனா சுவரில் போட்ட கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வெளியே தொட்டி ஓரம் நின்றிருந்தாள். நைனா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

“சாஞ்சன்னே வச்சிக்கோ” என்றார்.

சித்தப்பா எழுந்து போய்விட்டார். அந்த அஞ்சு நிமிஷத்துக்காக ஏழு மாதம் பேசவில்லை. தண்ணீரை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டார்.

டீக்கடைக்கும் பேச்சு போனது. இன்னாபா இம்பார்ஷியலு, தங்கச்சி பக்கம் சாஞ்சிட்டியாமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நைனா வீட்டிலேயே டீ குடித்தார். ஊரில் பங்கு தகராறு ஒன்று வந்தது. நைனாவைக் கூப்பிடவில்லை. அந்த வார்த்தையையும் விட்டுவிட்டார்.

கடிகாரம் அதற்கப்புறம் கொட்டாயில் இருக்கவில்லை. தண்ணீரோடு அதுவும் நடந்தது. யார் முறையோ அவர் மடையில் போய் உட்காரும். தண்ணீர் தொட்டதும் அலாரம் வைப்பார்கள். ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் அடிக்கும். லீவு நாளில் நான் தூக்கிப் போவேன். மற்ற நாளில் அம்மா. அம்மா திட்டிக்கொண்டே போவாள். இருபது நிமிஷம் போனதற்குத் திட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அது இல்லை. நனையாத பாத்திக்காக வருஷக்கணக்கில் அஞ்சு நிமிஷம் கேட்டு நின்றவள் அவள். ஒரு நாளும் கிடைக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி, கேட்டுக் கேட்டு நின்று பார்த்த பிறகுதான் அது புரிந்தது. ஆனால் அம்மா ஒரு நாள்கூடக் கடிகாரத்தைக் கொண்டு போகாமல் இருந்ததில்லை.

இப்போது மூன்று காணிக்கும் தனித்தனி போர்வெல். கிணற்றுக்குள் அரச மரம் முளைத்திருக்கிறது. கொட்டாய் விழுந்துவிட்டது. கரியால் போட்ட கணக்கும் அதோடு போனது. கடிகாரம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா வீட்டுப் பரணில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். போய்க் கேட்கவில்லை.

அந்த வருஷம் பங்குனி கடைசியில் மல்லாட்டை பிடுங்கினோம். எங்கள் காணியில் கடைசி ஏழெட்டுப் பாத்தி பொக்கு. அம்மா ஒரு செடியைப் பிடுங்கி நைனா எதிரில் போட்டுவிட்டுப் போனாள். அவர் பார்த்தார். அடுத்த வருஷம் எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நைனா சொன்னார். இருக்கலாம்.

அத்தை நிலத்தில் பிடுங்கின அன்று எனக்கு இங்கிலீஷ் பரிட்சை. முடித்துவிட்டு பஸ் இறங்கி நேராக அங்கேதான் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சை மண் வாசனை. அத்தை நடுவில் உட்கார்ந்து யாரையோ கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரி வீட்டுக்காரம்மா வேறு ஆள் பார்த்துக்கட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டாளாம். ஒரு காயை என்மேல் எறிந்து, உடைச்சிப் பாரு என்றாள். உடைத்தேன். மூணு பருப்பு. ஓட்டை அடைத்துக்கொண்டு இருந்தன.

நைனா கோடி வரப்பில் இருந்தார். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற பாத்தியில் ஒரு செடியைத் தானே பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தார். காய் கொத்தாகத் தொங்கியது. எண்ணவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் போனேன். பரிட்சை எப்படி என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“அந்த வார்த்தை வந்துச்சா?”

வந்திருந்தது. வாக்கியத்தில் அமைத்து எழுத வேண்டும், இரண்டு மார்க். நம்மில் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். பழைய வாக்கியம் எனக்கு மனப்பாடம். டீச்சர் சரி போட்ட வாக்கியம். அதை எழுதப் பேனாவை வைத்தேன். நைனா சாயாமல் இருந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை வருஷமும் அத்தைக்குத் தண்ணீர் சேரவில்லை. அதை எழுத வரவில்லை. ‘நாட்’ சேர்த்து எழுதவும் கை வரவில்லை. வேறு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

“வந்துச்சு நைனா. எழுதல.”

“ஏன்?”

“இன்னா எழுதறதுன்னு தெரியல.”

அவர் கையிலிருந்த செடியை என்னிடம் கொடுத்தார். வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டின மண்ணைத் தேய்த்தார்.

“தண்ணி வந்து சேந்துச்சில்ல. மார்க்க விடு” என்றார்.